கிரஷர் நின்ற பதினோரு நிமிடம்

பிப்ரவரி 9

அருமைத் தம்பி பாம்புக்காதுக்கு,

அக்கா எழுதுவது. ஜல்லித் தூசியைத் தவிர இங்கே வேறெதுவும் எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. உன் மாமாவின் முட்டிவலி மட்டும் அவரைவிட ஆரோக்கியமாக இருக்கிறது. நீ சௌக்கியமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் குவாரி கேட் வாட்ச்மேன் என்னை நிறுத்தி, "என்னம்மா, தம்பி வந்துட்டுப் போயிருக்காரு, வீட்ல நல்ல கவனிப்பா?" என்று கேட்டார். எந்தத் தம்பி என்று முழித்தேன். "பைனாகுலர் மாட்டிக்கிட்டு ரெண்டு நாள் காலைல சோலைக்குள்ள நின்னாரே, பறவை எண்ணுற ஆபீஸ்காரரு. அப்படியே உங்க ஜாடை" என்றார். தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு மானமே போயிற்று.

நான் உட்கார்ந்து கல்லுடைக்கும் கிரஷர் மெஷினை ஓட்டும் கேபினுக்கும் சோலைக்கும் நடுவே ஒரு முள்கம்பி வேலிதான். கல்லெறிந்தால் நீ நின்ற இடத்தில் விழும். தெரிந்திருந்தால் எறிந்திருப்பேன். அடுத்த தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தால் வீட்டில் உனக்குத்தான் முதலில் கேட்கும், அதற்காக வைத்த பேர் பாம்புக்காது. நான் பல்லைக் கடித்தது மட்டும் உனக்குக் கேட்கவில்லையாக்கும். மூன்று வருஷமாக முகத்தைக் காட்டவில்லை. காட்டில் டவர் இல்லை, போன் வேண்டாம், கடிதம் போடு என்றாய். போடுகிறேன். கூப்பிடு தூரம் வந்துவிட்டுக் கூப்பிடாமல் போனால் என்ன அர்த்தம்?

வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். மாமாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கோபித்துக்கொள்ளாதே. ஆபீஸ் வண்டி காத்துக்கொண்டிருந்தது. காலை ஆறிலிருந்து எட்டரை வரை, பன்னிரண்டு இடங்களில் பத்துப் பத்து நிமிஷம் நின்று எண்ண வேண்டும். அதுதான் விதி. அடர்ந்த இடத்தில் கண்ணுக்கு இலைதான் தெரியும். பத்துப் பறவையில் ஒன்பதைக் காதால்தான் எண்ணுவோம். முடிந்ததும் வண்டியில் ஏற்றி அடுத்த இடத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

அதுவும் அங்கே எண்ண என்ன இருக்கிறது? இரவும் பகலும் கிரஷர் ஓடும் இடம். அடுத்த முறை கட்டாயம் வருவேன்.

தூசியில் மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

நாங்கள் நலம். நலம் விசாரிப்பை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், எனக்கு வயிறு எரிகிறது.

கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். குவாரியைப் பெரிதாக்க வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பது ஏக்கர் சோலையை வெட்டப்போகிறார்களாம். கூடவே உன் அறிக்கையிலிருந்து ஒரு பக்கம். "வனப்பறவை இனம் எதுவும் இல்லை. பறவைகள் வாழும் தகுதியை இழந்த பகுதி." கீழே உன் கையெழுத்து, அந்த வளைத்துப்போட்ட வால் உட்பட. உன் மாமா அதே குவாரியில் வெல்டர் என்பதால் வாயைத் திறக்காமல் படித்தார். நான் திறந்துகொண்டுதான் படித்தேன்.

யாரைக் கேட்டு இல்லை என்று எழுதினாய்? இங்கே ஒன்று இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். இருபத்துநாலு மணி நேரத்தில் மெஷின் நிற்பது ஒரே ஒரு அரைமணிதான். மதியம் ஒரு மணிக்குச் சைரன் அடித்து, கிரீஸ் போடுவதற்காக நிறுத்துவோம். பெல்ட் கடைசி ஜல்லியைக் கொட்டி முடிக்கும், காதுக்குள் ரீங்காரம் அடங்கும், உடனே வேலிக்கு அந்தப் பக்கம் பாட்டுத் தொடங்கிவிடும். கறுப்பு முதுகு, செங்கல் நிற வயிறு, உடம்பைவிட நீளமான வால், வால் தொடங்கும் இடத்தில் வெள்ளை. மூச்சு விடாமல் பாடும். ஒன்றரை மணிச் சைரனுக்கு டக்கென்று வாயை மூடிக்கொள்ளும்.

டிப்பர் லாரி பின்னால் வரும்போது பீப் பீப் என்று அடிக்குமே, அதையும் பாட்டுக்கு நடுவே சொருகுகிறது. போன மாதம் ஒரு டிரைவர் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, "எவன்டா என் வண்டிய எடுக்கிறது" என்று ஓடினார். இன்றுவரை அவரை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கழித்துப் போட்ட கன்வேயர் உருளைக் குழாய் ஒன்று வேலியோரம் கிடக்கிறது, அதற்குள் கூடு. ஜோடியாக இருக்கின்றன.

உன் புத்தகத்தில் இதற்குப் பேர் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் அறிக்கையை மாற்று.

வெயில் ஏறுகிறது, தண்ணீர் குடி.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

சளி பிடித்திருந்தது, அதனால் தாமதம். இப்போது தேவலை. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

நீ சொல்லும் அடையாளத்துக்குச் சோலைபாடி என்று பேர். அடர்ந்த நிழலில், மனுஷ சத்தம் படாத இடத்தில், விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் பாடுகிற பறவை. அது உச்சி வெயிலில், கிரஷர் பக்கத்தில், இரும்புக் குழாய்க்குள் கூடு கட்டிக்கொண்டு லாரி மாதிரி பாடுகிறது என்கிறாய். நீ பார்த்தது குண்டுக்கரிச்சானாக இருக்கும். அது ஊருக்குள் சாதாரணமாகத் திரிகிற ஜாதி, கறுப்பும் வெள்ளையும். வயிற்றில் செம்மண் தூசி ஒட்டியிருந்தால் செங்கல் நிறமாகத்தான் தெரியும்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பத்தொன்பது வருஷம் கிரஷர் பக்கத்தில் உட்கார்ந்த காது உன்னுடையது. அதை நம்பி ஓர் அறிக்கையை மாற்ற முடியாது. இந்த விஷயத்தை இத்தோடு விட்டுவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 4

பறவை ஆபீஸ் ஐயா அவர்களுக்கு,

உங்கள் சளி குணமானதில் மகிழ்ச்சி.

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் கம்பெனி டாக்டர் மெஷின் ஆட்களுக்குக் காது பரிசோதனை செய்வார். இந்த வருஷத்துச் சர்டிபிகேட் அது. படித்துப் பார். இரண்டு காதும் பழுதில்லை. பஞ்சும் வைத்து, மேலே மூடியும் மாட்டி, பத்தொன்பது வருஷம் காப்பாற்றிய காது. என்னை ஆயிரம் சொல், காதைச் சொல்லாதே. உன் காதுக்கு யார் சர்டிபிகேட் கொடுத்தது? வீட்டில் வைத்த பட்டப்பேரைத் தவிர வேறென்ன இருக்கிறது உன்னிடம்?

ஒரு மெமரி கார்டும் வைத்திருக்கிறேன். நேற்று ஒரு மணிக்கு வேலியோரம் நின்று போனில் பதிவு செய்தது. தூசி ஒட்டிய குண்டுக்கரிச்சானா என்று நீயே கேட்டுச் சொல்.

இந்த மாதமும் நான் நலமாகத்தான் இருக்கிறேன், கோபத்தில்.

அக்கா


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

நலம். கார்டைப் போட்டுக் கேட்டேன். காற்றும், யாரோ தட்டைக் கீழே வைக்கிற சத்தமும், மாமா இருமுவதும்தான் இருக்கிறது. பறவை எதுவும் இல்லை. உன் போனில் ஏதோ கோளாறு.

இதற்குமேல் எழுத எனக்கு நேரமில்லை. மாமா இருமலுக்கு மருந்து சாப்பிடட்டும்.

தம்பி


மே 1

தம்பி,

அந்தக் கார்டை உனக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். பதினாலு பேர் கேட்டார்கள். அந்த லாரி டிரைவர் மறுபடியும் எழுந்து வெளியே எட்டிப் பார்த்தார்.

உன் மாமாவின் இருமல் உனக்குக் கேட்டிருக்கிறது. அதற்குமேல் உச்சஸ்தாயியில் ஏழு நிமிஷம் பாடியது கேட்கவில்லை. கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பிறகுதான் போன் வேண்டாம் என்று நீ சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

எத்தனை வருஷமாகடா?

அக்கா


மே 24

தம்பிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஆபீஸுக்குப் போன் செய்தேன், வேலைக்கு வருகிறாய் என்றார்கள். அதுவரைக்கும் நிம்மதி.

ஜூன் 17 காலை பதினொரு மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கள் சாப்பாட்டுக் கொட்டகையிலேயே. பெரிய அதிகாரி வருகிறார். அதில் முடிவானால் மழைக்கு முன்னால் சோலைக்குள் ரம்பம் இறங்கும். கூட்டம் நடக்கும்போது மெஷின் நிற்குமா என்று மேனேஜரைக் கேட்டேன். "ஒரு நிமிஷம்கூட நிக்காதும்மா, மைக் இருக்குல்ல" என்றார். வெளியே இருப்பது எதுவும் உள்ளே எட்டக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

ஆனால் மெஷின் பட்டன் அவர் கையில் இல்லை. அன்றைக்கு என் ஷிப்ட். கூட்டத்துக்கு நடுவில் நான் நிறுத்தப்போகிறேன். அந்த அதிகாரி தன் காதால் கேட்கட்டும்.

மாமாவிடம் சொன்னேன். "வேலை போயிடும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப சரி" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெல்டிங்குக்குப் போய்விட்டார்.

நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் சாப்பிடு.

அக்கா


ஜூன் 2

அக்கா,

நலமா என்று நீ கேட்டதற்கு முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறேன். நலமில்லை.

நாலு வருஷமாக. முதலில் தேன்சிட்டு போயிற்று. ஜன்னல் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தமில்லை. அதற்குத்தான் ஏதோ சீக்கு என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக. காகம் கேட்கும், ஆந்தை கேட்கும், உன் புருஷன் இருமினால் கேட்கும். மேல்ஸ்தாயி முழுக்கப் போய்விட்டது. போனில் பேசினால் பாதி வார்த்தை விளங்கவில்லை. திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. காது இல்லாவிட்டால் நான் யார்?

ஆகவே எந்தக் காட்டில் எது இருக்க வேண்டுமோ அதை எழுதினேன். நல்ல காட்டுக்கு நல்ல பட்டியல், கெட்டுப்போன காட்டுக்கு வெறும் தாள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவு நன்றாகத் தெரியும் எனக்கு. உன் சோலையில் நின்றபோது கிரஷர் சத்தம் ஆறுதலாகக்கூட இருந்தது. இங்கே கேட்காதது என் குற்றமில்லை என்று தோன்றியது. எனக்குக் கேட்கவில்லை என்று எழுதவேண்டிய இடத்தில் இல்லை என்று எழுதிவிட்டேன். உன் வீட்டுப் படி ஏறியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் என்னைக் கண்டுபிடித்திருப்பாய். அதற்காகத்தான் வண்டியில் ஏறி ஓடினேன்.

இரைச்சலுக்குப் பக்கத்தில் வாழும் பறவைகள் பாடும் நேரத்தை மாற்றிக்கொள்ளும், குரலையும் உயர்த்திக்கொள்ளும். மேடையில் இதைப் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அப்படி உயர்த்திக்கொண்டதாலேயே அது என் காதிலிருந்து தப்பிவிட்டது.

ஆனால் மெஷினை நிறுத்தாதே. அது மதியம் ஒரு மணிக்குப் பழகியிருக்கிறதா, சத்தம் அடங்குவதற்குப் பழகியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பதினொரு மணிக்கு நிறுத்தி அது பாடாமல் போனால் சோலையும் போகும், உன் வேலையும் போகும்.

தம்பி


ஜூன் 7

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் இனிமேல் நலமாகிவிடுவாய், சொல்லிவிட்டாய் அல்லவா.

படித்துவிட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கோபப்பட்டேன். காது போனதற்கு இல்லை. முடி நரைக்கிற மாதிரி அது ஒருநாள் போகிற சமாச்சாரம்தான். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினாயே, அதற்கு.

அது பாடுமா பாடாதா என்று எனக்கும் தெரியாது. ஆனாலும் நிறுத்துவேன். அந்தச் சோலைக்கு நான் சொந்தக்காரி இல்லை. அந்தப் பறவையும் என்னிடம் உதவி கேட்கவில்லை. பத்தொன்பது வருஷமாக நான் போடுகிற சத்தத்தைச் சகித்துக்கொண்டு, பாடும் நேரத்தை மாற்றி, குரலை மாற்றி, குப்பைக் குழாயில் குஞ்சு பொரித்து உயிரோடு இருக்கிறது. இவ்வளவும் செய்த பிறகு இல்லை என்று ஒரு தாளில் எழுதி அதை முடித்துவிடுவீர்களா? எனக்குப் பொறுக்கவில்லை.

வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் பொய் சொல்லாதே, அவ்வளவுதான்.

உடம்பு பத்திரம்.

அக்கா


ஜூன் 19

அக்கா,

ஊர் வந்து சேர்ந்தேன், நலம். இந்த முறை உன்னைப் பார்க்காமல் வந்தது என் குற்றமில்லை. உன்னை மேனேஜர் ரூமில் சாயங்காலம் வரை உட்காரவைக்கப்போவதாக மாமா சொன்னார். எங்கள் ஆபீஸ் வண்டி இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டது. கொட்டகையில் நடந்ததை நீ பார்க்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் கடைசி வரிசையில் இருந்தேன். மேனேஜர் மைக்கில் என் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று பெஞ்சின் அதிர்வு நின்றது. கிரஷர் நின்றதைக் காதுக்கு முன்னால் பெஞ்சில்தான் உணர்ந்தேன். மேனேஜர் பாதி வரியில் நிறுத்தி உன் கேபினைப் பார்த்தார். ஓர் ஆளை ஓடவிட்டார். நீ உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாயாம், பிறகு சொன்னார்கள்.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டு நிமிஷம். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது பாடப்போவதில்லை என்று நினைத்தேன். அப்போது முன்வரிசையில் ஒருவர் வேலிப் பக்கம் தலையைத் திருப்பினார். பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். பிறகு கொட்டகையில் அத்தனை தலையும். அந்த லாரி டிரைவர் பாதி எழுந்து, ஞாபகம் வந்து உட்கார்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு துளிகூடக் கேட்கவில்லை, அக்கா. ஆனால் பாடுகிறது என்று தெரிந்துவிட்டது.

"இது என்ன பறவை? இங்க யாராவது சொல்ல முடியுமா?" என்று அதிகாரி கேட்டார். எழுந்தேன்.

"சோலைபாடிங்க. காட்டுப் பறவை. எனக்கு அது கேக்கலை, இவங்க முகத்தப் பார்த்துத்தான் சொல்றேன். அந்த அறிக்கைல இருக்கிற கையெழுத்து என்னுது. எனக்குக் காது போய் நாலு வருஷம் ஆச்சு. அறிக்கை தப்பு."

மேனேஜர் சுதாரித்துக்கொண்டார். "காது கேக்காதவர் சொல்றத எப்படிங்க எடுத்துக்கிறது?" என்றார்.

"காது கேக்காதவன் இல்லைன்னு எழுதினப்ப எடுத்துக்கிட்டீங்களே" என்றேன்.

அப்போதுதான் நீ கதவைத் திறந்திருக்கிறாய், பெஞ்ச் மறுபடியும் அதிர்ந்தது. பதினோரு நிமிஷம் என்று அதிகாரியின் ஆள் குறித்துக்கொண்டார்.

நேற்று ஆபீஸில் என்னைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். நாலு வருஷத்து அறிக்கைகள் அத்தனையும் மறுபடி பார்க்க வேண்டுமாம். பட்டியலை நானே எழுதிக் கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது. நேற்றுத் தூங்கினேன்.

நீ எப்படி இருக்கிறாய்? மறைக்காமல் எழுது.

தம்பி


ஜூலை 1

அன்புத் தம்பிக்கு,

நான் நலம், வீட்டில் இருக்கிறேன். விசாரணை முடியும்வரை கேபின் பக்கம் வரக்கூடாதாம். மின்சாரக் கோளாறு என்று எழுதிக் கொடு, விட்டுவிடுகிறேன் என்று மேனேஜர் ஆசை காட்டினார். "மெஷினில் கோளாறு இல்லை. நானே நிறுத்தினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்பெனியில் யாராவது ஒருத்தராவது உள்ளதை எழுத வேண்டாமா?

மறு கணக்கெடுப்புக்கு உத்தரவாகியிருக்கிறது. மூன்று பேர் வருகிறார்கள், மெஷின் நிற்கும் அரைமணி நேரமும் எண்ண வேண்டுமாம். உடனே மேனேஜர் ஒரு காரியம் செய்தார். ஒரு மணி நிறுத்தத்தை எடுத்துவிட்டார். ஆனால் கிரீஸ் போடாமல் மெஷின் ஓடுமா? ஒரு நாள் காலை ஒன்பதேகாலுக்கு, மறுநாள் மாலை நாலு மணிக்கு என்று, யாருக்கும் சொல்லாமல் நிறுத்துகிறார்கள். எண்ண வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள் என்று கணக்கு.

ஒன்பதேகாலுக்கு நின்றது, பாடியது. நாலு மணிக்கு நின்றது, பாடியது. நேற்று பெல்ட் அறுந்து ஐந்து நிமிஷம் நின்றது, அதற்குள்ளும் ஒரு பாட்டு பாடி முடித்துவிட்டது. மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து அந்தப் பக்கம் முறைத்தாராம், உன் மாமா வந்து சொன்னார்.

நான் இப்போது வேலைவெட்டி இல்லாதவள். காலையிலிருந்து வேலியோரம் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். அதே வேலி நம் வீட்டு வாசல்வரை வருகிறது, வாசலிலிருந்து என்னை எழுப்ப யாராலும் முடியாது. மெஷின் நின்றால் என்னென்ன சத்தம், எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம் என்று குறிக்கிறேன். சோலைபாடி மட்டும் இல்லை, வேறு நாலைந்து குரல் இருக்கிறது. எனக்குப் பேர் தெரியவில்லை. நான் விரலை நீட்டுகிறேன், நீ அந்தப் பக்கம் பார்த்துப் பேரைச் சொல். கணக்கெடுக்க வருகிறவர்கள் பத்தாம் தேதி வருகிறார்கள். அதற்குள் வா.

காதுக்கு மெஷின் வாங்கினாயா, வாங்காவிட்டாலும் பரவாயில்லை, சத்தமாகப் பேசி எனக்குப் பழக்கம்தான். வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பைனாகுலர் மாட்டிக்கொண்டு என் ஜாடையில் யார் வந்தாலும் முதலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அப்புறம்தான் சோலைக்கு.

அக்கா